நாற்பத்தேழாம் ஃபாரம்

ஜூன் 3, திங்கள்

அவர் வீட்டுக்கு வந்தது 6.52.

பம்ப் கம்பெனியில் ஐந்தரைக்கு மணி அடித்தால் ஆறு பத்துக்கெல்லாம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றலாம். கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாக அப்படித்தான் கழற்றினார். பத்து நாளாகத்தான் இந்த ஆறு ஐம்பது.

"பஸ்ஸு வரலை, மணி" என்றார். வசந்தாமணியில் அவருக்கு மணி போதும்.

"ஒரு நாள் வரலைன்னா சரிங்க. பத்து நாளும் வரலைன்னா கலெக்டருக்கே எழுதிப் போடோணுமே" என்றேன். தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு ஆட்டினாரா, காதுக்குள் இருக்கிற ஒயரில்லாத ஹெட்போன் குண்டுக்கு ஆட்டினாரா, யாருக்குத் தெரியும்.

இதையெல்லாம் நேரத்தோடு எழுதி வைப்பது என் வழக்கம். வேலையும் அதுதான். காந்திபுரத்தில் ஒரு சர்வே கம்பெனியில் பதினான்கு வருஷமாகச் சரிபார்ப்பு. வெளியே போகிற பெண்கள் ஜனங்களிடம் கேள்வி கேட்டு ஃபாரத்தில் எழுதிக்கொண்டு வருவார்கள். ஐந்து ஃபாரத்துக்கு ஒன்றாகப் பொறுக்கி அந்த ஆட்களுக்கு நான் போன் போட்டு, நிஜமாகவே கேட்டார்களா என்று விசாரிப்பேன். வெயிலில் அலையச் சோம்பி, டீக்கடையில் உட்கார்ந்து தானே கேட்டுத் தானே பதில் எழுதுகிறவர்கள் உண்டு. அதற்கு எங்கள் ஆபீஸில் டீக்கடை ஃபாரம் என்று பெயர். இதுவரை அறுபத்து மூன்று பேரைப் பிடித்திருக்கிறேன்.

இன்று புது வேலை வந்தது. போனில் ஹெட்போன் ஒயர் சொருகுகிற ஓட்டையை எடுத்துவிட்டால் ஜனங்கள் என்ன சொல்வார்கள் என்று ஏதோ ஒரு போன் கம்பெனி தெரிந்துகொள்ள வேண்டுமாம். கம்பெனி பெயரை எங்களுக்கே சொல்லவில்லை. கோயமுத்தூரில் நூற்றிருபது பேர். எடுப்பது என்று முடிவு செய்துவிட்டு அப்புறம் எதற்குக் கேட்கிறார்கள் என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

ஜூன் 4, செவ்வாய்

6.49. "பஸ்ஸு."

ஜூன் 6, வியாழன்

6.55.

முதல் கட்டு ஃபாரங்கள் வந்தன. முதல் கேள்வி எப்போதும் போலத்தான்: வீட்டில் யாராவது விளம்பரம், பத்திரிகை, சர்வே கம்பெனியில் வேலை செய்கிறார்களா? ஆமாம் என்றால் நன்றி சொல்லி எழுந்துவிட வேண்டும், மேலே ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. உள்விவரம் தெரிந்தவர்கள் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள் என்பது கணக்கு.

பதினான்காவது கேள்விதான் முக்கியம். ஓட்டையை எடுத்தால் உங்கள் கருத்து என்ன, ஏன்? ஆள் எப்படிச் சொன்னாரோ அப்படியே, அவர் வாயிலிருந்து வந்தபடியே எழுத வேண்டும்.

பெரும்பாலும் "பிடிக்கவில்லை", "பரவாயில்லை" என்றுதான் வரும். வெளியே போய்க் கேட்கிறவர்களில் பூங்கோதை என்கிறவளின் ஃபாரங்கள் மட்டும் ஒரு தினுசு. அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் ஒருவர்: "ஒயருதானுங்க ரேடியோவுக்கு ஏரியலு. ஒயரு இல்லாட்டி போன்ல ரேடியோ பாடாது. ராப்பொழுதை நான் யாரு கூடப் பேசிக் கழிக்கறது?" மாவு அரைத்து விற்கிற அம்மாள்: "ஒயரில்லாத குண்டு ஒண்ணு சாக்கடையில விழுந்துருச்சுன்னா மிச்சம் இருக்கற ஒண்ணை வெச்சுட்டு மூக்குத்தியா போட்டுக்க முடியும்?" காலேஜ் பெண்: "பஸ்ல ஒயர் மாட்டிக்கிட்டா பக்கத்து சீட் அங்கிள் எந்த ஊரு, என்ன படிக்கிறேன்னு கேக்க மாட்டாரு. குட்டி இயர்பட் அவர் கண்ணுக்கே தெரியாது." ஒரு பையன் மட்டும் எதிர்க்கட்சி: "ஒயர் சிக்கு எடுத்தே பாதி ஆயுசு போச்சு, தொலையட்டும் விடுங்க."

படிக்க நன்றாக இருக்கிறது. அதுதான் எனக்கு உதைக்கிறது. நிஜ மனிதர்கள் இவ்வளவு ருசியாகப் பேச மாட்டார்கள். பூங்கோதைக்கு எட்டு வருஷ அனுபவம், யாரை எப்படி ஏமாற்றுவது என்று கற்றுக்கொள்ள எட்டு வருஷம் போதும். அவளுடைய ஃபாரங்களில் கூடுதலாக எடுத்துச் சரிபார்க்கிறேன் என்று வரதன் சாரிடம் சொல்லிவிட்டேன். அவர்தான் எங்கள் மேனேஜர்.

ஜூன் 7, வெள்ளி

6.50.

வீட்டிலும் அதே ஓட்டைப் பிரச்சினைதான். அவருடைய பழைய போன் உடைந்துபோக, பெங்களூரிலிருந்து மகள் கீர்த்தனா புதுசு அனுப்பினாள். அதில் ஓட்டை இல்லை. கூடவே ஒரு வெள்ளை டப்பா, அதற்குள் இரண்டு குண்டு.

முன்னெல்லாம் அவர் ஒயரை மாட்டிக்கொண்டு பால்கனி பெஞ்சில் உட்கார்ந்தால் பாட்டுக் கேட்கிறார் என்று தெரியும். நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்ப்பேன். கழற்றியதும் கேட்க வேண்டியதைக் கேட்பேன். ஒரு ஒழுங்கு இருந்தது. இப்போது குண்டு காதில் இருக்கிறதா, டப்பாவில் இருக்கிறதா, முடி மறைத்துக்கொள்கிறது. அதனால் எதற்கும் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. எங்கே இறங்கினீங்க, யாரு போன்ல, மத்தியானம் யார்கூடச் சாப்பிட்டீங்க.

போனில் இரண்டு சிம் வேறு. "பாப்பா போட்டுக் குடுத்தா. அந்த நம்பருக்கு யாரும் கூப்பிடறதில்லை" என்றார். யாரும் கூப்பிடாத நம்பர் எதற்காம்?

நேற்றுப் பாத்திரம் கழுவும்போது வழக்கம் போலப் பாட்டு ஒன்று வாயில் வந்தது. அவர் காதில் குண்டு இருக்கிறதா என்று தெரியாததால் நிறுத்திவிட்டேன். கேட்க ஆள் வைத்துப் பாட நான் என்ன கச்சேரி வித்துவானா. பால்கனியில் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போதும் வாயை மூடிக்கொண்டே ஊற்றினேன். செடியோடு பேசுகிற பைத்தியம் என்று அவர் நினைக்க வேண்டாம்.

ஜூன் 9, ஞாயிறு

அவருக்கு லீவு. எனக்குத் துணி.

சோப்புத் தூளில் ஊறப்போட அவருடைய டிபன் பையைக் காலி செய்தேன். அடியில், கைக்குட்டைக்குள் சுருட்டி, ஒரு ஒயர் ஹெட்போன். பழைய போனோடு இருந்ததுதான். நடுவில் அறுந்த இடத்தில் பச்சை டேப் சுற்றியிருக்கிறார், மோட்டாருக்குச் சுற்றுகிற டேப்.

ஓட்டையே இல்லாத போன் வைத்திருக்கிற மனிதன் எதற்கு ஒயரைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு போகிறார்? ஒயர் சொருகுகிற போன் வேறு எங்கேயோ இருக்க வேண்டும். வேறு யாரிடமோ இருக்க வேண்டும். அறுந்ததை ஒட்டவைத்துக் கேட்கிற அளவுக்கு என்ன பாட்டு அது?

கேட்கவில்லை. சுருட்டியபடியே திரும்ப வைத்துவிட்டேன். கையும் களவுமாகப் பிடிக்காமல் கேட்டால் தப்பித்துவிடுவார்கள், இது என் தொழில் அனுபவம்.

சாயங்காலம் தலை வலித்தது. அழுதேன் என்றும் எழுதி வைக்கலாம், கொஞ்ச நேரம்தான்.

ஜூன் 10, திங்கள்

7.20! இதுவரை இல்லாத உச்சம். முகத்தில் வேறு ஒரு தெளிச்சி. இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டார்.

ஆபீஸில் பூங்கோதையின் இரண்டு ஃபாரம் மாட்டியது. பன்னிரண்டாம் ஃபாரத்தில் நம்பரே தப்பு, போன் போட்டால் பொள்ளாச்சியில் யாரோ தேங்காய் வியாபாரி எடுக்கிறார். முப்பத்தொன்றில் இருக்கிற அம்மாள், "என்னை யாருமே வந்து கேக்கலீங்" என்று போனை வைத்துவிட்டாள். இன்னும் ஒன்று தப்பானால் பூங்கோதையின் மொத்த ஃபாரத்தையும் குப்பையில் போட்டு அவளையும் நிறுத்திவிடுவார்கள். இரண்டுக்கு மேல் மன்னிப்புக் கிடையாது.

ஜூன் 11, செவ்வாய்

6.50.

கிடைத்துவிட்டது. நாற்பத்தேழாம் ஃபாரம். ஆண், வயது 53, தனியார் கம்பெனி, பெயர் வெறும் "முத்து". நேற்றுச் சாயங்காலம் 6.20 முதல் 6.55 வரை, சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு. சர்வே கம்பெனியில் யாராவது? இல்லை. பதினான்காவது கேள்விக்கு இடம் போதாமல் பின்பக்கம் வரை எழுதியிருக்கிறாள். ஆதாரத்துக்காக அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

"பாட்டு எனக்கு ரெண்டாம்பட்சமுங்க. ஒயரு மாட்டியிருந்தா வீட்டுல சம்சாரம் கேள்வி கேக்க மாட்டா, பாட்டுக் கேக்கறேன்னு விட்டுருவா. எங்க எறங்குனீங்க, ஏன் லேட்டு, யாரு போன்லன்னு கேக்கறதெல்லாம் ஒயரைக் கழட்டுனதுக்கப்புறம்தான். அதனால பாதி நாளு நான் பாட்டே போடறதில்லீங்க. ஒரு முனையைக் காதுல மாட்டி மறு முனையைச் சும்மா சட்டைப்பைக்குள்ள விட்டுக்குவேன். எனக்குக் கேக்காதுன்னு நெனச்சுட்டு அவ சமையக்கட்டுல பாடுவா. செடிக்குத் தண்ணி ஊத்தறப்போ அதுகூடப் பேசுவா. அவ்வளவு நல்லாப் பேசுவாங்க. எங்கிட்ட அப்படிப் பேசிப் பல வருசமாச்சு. இந்தப் புதுப் போனுல ஓட்டை இல்லை. காதுக்குள்ள இருக்கா இல்லையான்னு அவளுக்குத் தெரியறதில்லை, அதனால எந்நேரமும் கேள்வி. பாடறதும் நின்னு போச்சு. இங்க பஸ் ஸ்டாண்டுல அரை மணி நேரம் ஒயரை மாட்டிட்டுச் சும்மா உக்காந்துட்டு, அப்புறம்தான் வீட்டுக்குப் போறேன். ஓட்டையை எடுத்தவனுக்கு இதெல்லாம் எங்கீங்க தெரியப்போகுது?"

இது பேட்டியா, நாடகமா? முதலாவது, பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத பெண்ணிடம் எந்த ஆம்பிளையும் முப்பத்தைந்து நிமிஷம் பேச மாட்டான். இரண்டாவது, பொண்டாட்டி பாடுவதைக் கேட்க ஒயரை மாட்டிக்கொண்டு செவிடனாக நடிக்கிற புருஷன் இந்த ஜில்லாவிலேயே கிடையாது. அந்தப் பெண்பிள்ளை கேள்வி கேட்கிறாளாம். அவள் கேட்காமல் பின்னே யார் கேட்பது? அக்கறை இருக்கிறவள் கேட்பாள். அதையும் ஒரு குறையாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறானே, அவனெல்லாம் ஒரு மனுஷன். ஆனால் அப்படி ஒரு மனுஷனே இல்லை. பூங்கோதை டீக்கடையில் உட்கார்ந்து உருவாக்கின ஆள்.

முத்து என்று இந்த ஊரில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள்.

11.10க்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. காலை, மதியம், மாலை என்று மூன்று வேறு வேறு நேரத்தில் போட்டும் எடுக்காவிட்டால் ஃபாரம் தப்பு என்று எழுதலாம், அது விதி.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. கேன்டீன் சாம்பார் சரியில்லை.

ஜூன் 12, புதன்

6.51. 10.45க்கு மறுபடி போட்டேன். எடுக்கவில்லை.

ஜூன் 13, வியாழன்

11.30க்கு மூன்றாவது தடவை. எடுக்கவில்லை. நாற்பத்தேழு தப்பு என்று எழுதி வரதன் சார் மேஜையில் வைத்துவிட்டேன். நாளைக்குச் சாயங்காலம் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

மூன்று மணிக்குப் பூங்கோதை வந்தாள். வெயிலில் முகம் கறுத்துக் கிடந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அக்கா, மத்த ரெண்டும் என்ற தப்புதான், ஒத்துக்கறேன். ஒண்ணுல நம்பரை மாத்தி எழுதிட்டேன். இன்னொண்ணுல அந்தம்மா புருசன் பக்கத்துல இருந்திருப்பாரு, பயந்துட்டு இல்லைன்னு சொல்லிருச்சு. ஆனா நாப்பத்தேழு சத்தியமா நடந்ததுக்கா. அப்படி ஒண்ணை நானா எழுத முடியுமா? எழுதத் தெரிஞ்சா நான் எதுக்குக்கா செருப்புத் தேய வீடு வீடாப் போறேன்?"

"போன் எடுக்கலையேம்மா. மூணு தடவை போட்டாச்சு."

"எப்பெப்போ போட்டீங்க?"

நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அவளும் எட்டிப் பார்த்துவிட்டாள்.

"மூணுமே காலையிலதான போட்டிருக்கீங்க? அந்தாளு கம்பெனியில இருப்பாரு. மோட்டார் சத்தத்துல எப்படிக்கா கேக்கும்?"

"மோட்டார் கம்பெனின்னு ஃபாரத்துல இல்லையே" என்றேன்.

"அவரு சட்டையில எண்ணெய் வாசம் அடிச்சுதுக்கா. நான் நம்பலைன்னு நெனச்சு ஒயரை எடுத்துக் காட்டுனாரு. நடுவுல பச்சை டேப் சுத்தியிருந்துது. முனையில எதுவுமே இல்லை, சும்மா தொங்குச்சு. அதைப் பாத்துட்டு எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. திருடின்னு பேரு வாங்கிட்டு இங்கிருந்து போனா இந்த ஊர்ல வேற எந்த சர்வே கம்பெனியும் என்னைச் சேர்க்காதுக்கா. ஒரே ஒரு தடவை சாயங்காலமாப் போட்டுப் பாருங்க."

பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன்.

பச்சை டேப் எல்லா எலக்ட்ரிக் கடையிலும் கிடைக்கிறது.

அவர் வந்தது 6.50. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும், இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

ஜூன் 14, வெள்ளி, மத்தியானம்

இதை ஆபீஸிலேயே எழுதுகிறேன்.

காலையிலிருந்து அந்த நம்பரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் வரை காத்திருக்க முடியவில்லை. 12.40க்கு அவர்களுக்குச் சாப்பாட்டு மணி. பம்ப் கம்பெனிகளில் பொதுவாக 12.40தான். 12.45க்குப் போட்டேன். எங்கள் லைனில் பேசுவதெல்லாம் பதிவாகும், வரதன் சார் நினைத்தால் கேட்கலாம். அதனால் தாளில் இருக்கிறதைத் தவிர வேறு பேசக் கூடாது.

இரண்டாவது மணியிலேயே எடுத்தார். "அலோ."

யாரும் கூப்பிடாத அந்த இரண்டாவது சிம் நம்பரில், இருபத்தாறு வருஷமாகக் கேட்கிற அலோ.

போனை வைத்துவிடலாமா என்று இருந்தது. வைத்தால் அது நான்காவது தடவையும் எடுக்கவில்லை என்று ஆகிவிடும். பூங்கோதை நாளைக்கு வீட்டுக்குப் போய்விடுவாள். தாளைப் பார்த்துப் படித்தேன்.

"வணக்கமுங்க. சர்வே ஆபீஸ்ல இருந்து வசந்தாமணி பேசறேன். இந்த அழைப்பு பதிவாகுதுங்க. அஞ்சு நிமிசம் பேசலாமுங்களா?"

அந்தப் பக்கம் டிபன் தட்டுகளின் சத்தம் கேட்டது. பிறகு எழுந்து எங்கோ தள்ளிப் போகிற சத்தம். "சொல்லுங்க மேடம்" என்றார்.

"ஜூன் பத்தாம் தேதி சாயங்காலம் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுல எங்க ஊழியர் உங்களைப் பாத்துப் பேசுனாங்களா?"

"பேசுனாங்க மேடம்."

"எவ்வளவு நேரமுங்க?"

"அரை மணிக்கு மேல இருக்கும். நாந்தான் பேசுனேன். அந்தப் பொண்ணு பாவம், கேட்டுட்டே எழுதுச்சு."

"பதினாலாவது கேள்விக்கு நீங்க சொன்னதா எழுதியிருக்கறதைப் படிக்கறேன். சரியான்னு சொல்லுங்க."

அதுவும் விதிதான். ஆள் சொன்னதை அந்த ஆளிடமே முழுசாகப் படித்துக் காட்ட வேண்டும். ஃபாரம் வரதன் சாரிடம் இருந்தது, இந்த நோட்டில் எடுத்து எழுதியதைப் பார்த்துப் படித்தேன். பாட்டு எனக்கு ரெண்டாம்பட்சமுங்க என்று அவர் சொன்னதை அவரிடமே நான் படித்தேன். எங்க எறங்குனீங்க, ஏன் லேட்டு என்று என் கேள்விகளையே என் வாயால் படித்தேன். "எங்கிட்ட அப்படிப் பேசிப் பல வருசமாச்சு" என்ற இடத்தில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்தேன்.

"மீதியும் படிங்க மேடம்" என்றார், மெதுவாக.

கடைசி வரை படித்தேன்.

"அப்படியே சொன்னேனுங்க. அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை மாத்தலை. பொய்யா எழுதலைங்க, அதுமேல எந்தத் தப்பும் இல்லை."

"உங்க வீட்டுல யாராவது விளம்பரம், பத்திரிகை, சர்வே கம்பெனியில வேலை செய்யறாங்களா?"

"அன்னைக்கு இல்லைன்னு சொன்னேனுங்க."

கேள்வியை மறுபடி ஒரு தடவை படித்தேன்.

"இருக்காங்க மேடம். என்ற சம்சாரம்."

"அப்புறம் ஏன் இல்லைன்னு சொன்னீங்க?" இது தாளில் இல்லாத கேள்வி. கேட்டுவிட்டேன். கேள்வி கேட்டே பழகிய வாய்.

"ஆமான்னா அந்தப் பொண்ணு நன்றி சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருமுங்க. அந்த விதியெல்லாம் எனக்குத் தெரியும், வீட்டுல சொல்லியிருக்காங்க. நான் சொல்றதை ஒருத்தர் அப்படியே எழுதிக்கறதா இருந்துச்சா, விட மனசு வரலை."

தாளில் கடைசிக் கேள்வி ஒன்றுதான் பாக்கி. "வேற ஏதாவது சொல்ல விரும்பறீங்களா?"

பதிலை எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தேன்.

"சாயங்காலம் பால் ஒண்ணா, ரெண்டா மேடம்?"

"ரெண்டுங்க" என்றேன். அதுவும் பதிவாகிவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வரதன் சார் அறைக்குப் போனேன். நாற்பத்தேழாம் ஃபாரத்தைக் கேட்டு வாங்கி, "தப்பு" என்று நான் எழுதியதை அடித்து, புதிதாக எழுதினேன்: பேட்டி உண்மை. பூங்கோதை மேல் குற்றமில்லை. முதல் கேள்விக்கு ஆள் மறைத்துச் சொன்னதால் இந்த ஃபாரம் ரத்து, அதற்குப் பதில் வேறு ஒருவரை எடுக்கவும்.

வரதன் சாருக்கு வருத்தம். "நூத்திருபதுல இதுதான் மேடம் நல்ல பதில். ரிப்போர்ட்ல முதல் பக்கத்துல போடலாம்னு இருந்தேன். அவங்க வீட்டுல யாரு சர்வே கம்பெனியில இருக்கா?"

"நான்தான் சார்."

அவர் ஃபாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஃபாரத்தைப் பார்த்தார். பின்பக்கத்தை மேற்கொண்டு படிக்காமல், முன்பக்கம் மேலே தெரிகிற மாதிரி திருப்பி வைத்தார். நல்ல மனிதர். மூன்று போனையும் நான் காலையிலேயே போட்டேன் என்பதையும் நானே சொன்னேன். டீக்கடை ஃபாரம் என்று பெயர் வைத்து எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன். ஏசி அறையில் உட்கார்ந்தே நான் எழுதியதற்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று தெரியவில்லை.

வெளியே பூங்கோதை நின்றிருந்தாள். "உன்ற ஃபாரம் சரிதான், அம்மிணி. நான்தான் தப்புப் பண்ணிட்டேன்" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு எடுத்தாராக்கா? நல்லா இருக்காராக்கா?" என்று கேட்டாள். அவளுக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டியிருந்தது.

ஜூன் 14, வெள்ளி, சாயங்காலம்

எத்தனை மணிக்கு வந்தார் என்று பார்க்கவில்லை. வெளிச்சம் இருந்தது.

இரண்டு பாக்கெட் பாலைச் சமையலறை மேடையில் வைத்தார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை கால் கழுவிக்கொண்டு, வெள்ளை டப்பாவை டிவி மேல் என் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்துவிட்டு, டிபன் பையிலிருந்து ஒயரை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு பால்கனி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மறு முனையைப் பைக்குள் விடவில்லை. வெளியே தொங்கவிட்டிருந்தார், பச்சை டேப்போடு.

நான் பாத்திரம் கழுவினேன். பாட வரவில்லை. கேட்கிற ஆள் கேட்கிறார் என்று தெரிந்துகொண்டே பாட எனக்குக் கூச்சமாக இருந்தது, கல்யாணமான புதிதில் இருந்த மாதிரி. வாயில் வந்ததெல்லாம் கேள்விதான். பஸ் ஸ்டாண்டில் எந்த பெஞ்சு, டீ குடித்தீர்களா, மழை வந்தால் என்ன செய்தீர்கள், ஏன் என்னிடம் சொல்லவில்லை. நாலையும் விழுங்கினேன்.

சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கறிவேப்பிலைக்கு ஊற்றினேன். எட்டு நாள் பேசாததில் அதுவும் வாடித்தான் இருந்தது, அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது.

"ஏங்கண்ணு," என்று செடியிடம் சொன்னேன், "கேள்வி கேக்காமப் பேசறது எப்படின்னே எனக்கு மறந்துபோச்சு. வீட்டுக்கு வரப் பிடிக்காம ஒரு மனுசன் பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்திருக்காரு. நான் வேற எவளோன்னு நெனச்சுட்டேன். என்னைய என்ன பண்றது, சொல்லு."

அவர் திரும்பவில்லை. காதில் ஒயர் இருக்கிறதே, கேட்காதவர் கேட்காதவர்தான். ஆனால் பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டார்.

சொம்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவர் ஒரு பக்கத்து ஒயரைக் கழற்றி என்னிடம் நீட்டினார். இடது காதில் மாட்டிக்கொண்டேன். மறு முனை எங்கள் இரண்டு பேர் மடிக்கும் நடுவில் சும்மா கிடந்தது. ஒன்றும் கேட்கவில்லை. எட்டு மணி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தோம்.